சந்தை கூடாத இரண்டு வாரம்

"களை எடுக்கற வூட்டுப் பொண்ணு, மூளை நோவப் பத்தி இன்னாத்த எழுதப் போற?" என்று ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் கேட்டார். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கள்ளக்குறிச்சியில் நரம்பு நோய் ஆராய்ச்சி செய்த ஒரு டாக்டரிடம் படிவம் நிரப்பும் வேலை கிடைத்திருந்தது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். வழி திறந்ததும் கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெரியவர் மனைவியோடு இறங்கி வந்தார். அவருக்குக் கை நடுக்கம். கூடவே மறதியும் இருந்தால் அபூர்வ மூளை நோயாக இருக்குமோ என்று, முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்கச் சென்னைக்கு அனுப்புவார்கள்.

"இன்னிக்கு என்ன கெழம?" என்று டாக்டர் கேட்டார். பெரியவர் விழித்தார். மறதி என்று எழுதச் சொன்னார் டாக்டர்.

நான் எழுதவில்லை. "கெழமைய எப்பிடிங்க எண்ணுவீங்க?" என்று பெரியவரைக் கேட்டேன்.

"வெள்ளிக்கெழம சந்தைய வெச்சித்தாம்மா. ரெண்டு வாரமா சந்தையே கூடலியே."

"கடைசி சந்தையில இன்னா வித்தீங்க?"

எத்தனை கூடைப் புளி, வாங்கியவள் பேசிய பேரம், அவள் பையின் நிறம் வரை சொன்னார்.

"எல்லாம் சரிதாங்க," என்றார் மனைவி. "நான் வளையல் கேட்டது மட்டும் இந்த மனுசனுக்கு மறந்துட்ச்சி."

டாக்டர் சிரித்துவிட்டார். சென்னைப் பயணம் நின்றது. நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் காலை, மலை ஊர்களுக்கான படிவத்தில் கிழமையை அடித்துவிட்டுச் சந்தையைப் பற்றிய கேள்வியை எழுதினேன். அதைக் கேட்டுப் பார்க்க, மலைக்குப் போகும் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.