விரிசலுக்கு மேல் ஒரு கண்ணாடி

வியாழக்கிழமை காலை முலுண்டிலிருந்து போன். "டீச்சர், அப்பா போயிட்டாங்க" என்றாள் ஓவர்சியர் செல்லையாவின் மகள். போனை வைத்துவிட்டு எங்கள் மூலை ஜன்னலுக்குக் கீழே, அவர் கை பட்ட சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய முன்கோபமும் வெற்றிலைச் சிரிப்பும் தெரியும். எனக்கு அவரைப் பழக்கிவைத்தது ஒரு விரிசல். அந்தக் கதையை உங்களில் யாரிடமும் சொன்னதில்லை. வெட்கம்தான், வேறென்ன?

மாட்டுங்கா கடைத்தெரு முனையில் பூச்சே இல்லாமல் நிற்கும் பழைய செங்கல் கட்டிடத்தைப் பார்த்திருப்பீர்கள். கீழே கடைகள், மேலே நான்கு குடித்தனம். அறுபதுகளில் நான் கல்யாணமாகி அங்கே வந்தேன். மாடியில் வளைவு ஜன்னல்கள். ஒவ்வொன்றின் தலையிலும் செங்கற்கள் விசிறி மடிப்பாக நிற்கும். மழை பெய்தால் கல்லெல்லாம் தண்ணீர் குடித்துக் கறுத்துச் சிவக்கும். மழை விட்ட சாயங்காலம் வளைவில் வெயில் பட்டதும் கூடம் முழுக்க அந்தச் சிவப்பு மிதக்கும். மாதுளம்பழத்துக்குள் குடியிருக்கிற மாதிரி இருக்கும். நோட்டுத் திருத்த உட்கார்ந்தவள் பேனாவைத் திறக்காமலே இருட்டும்வரை உட்கார்ந்திருப்பேன்.

மூலை ஜன்னலின் கீழே தரைவரை ஒரு விரிசல் இருந்தது. கட்டிடத்தை இடித்துவிடலாமா என்று அதன் சொந்தக்காரர் ஒரு இன்ஜினியர் ஆபீசில் கேட்க, அவர்கள் அனுப்பிய ஆள்தான் செல்லையா. வந்தவர் விரிசலைப் பார்க்கவில்லை. தெருவில் நின்று, கட்டிடத்தின் உருண்டையான முனையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இந்தக் கல்லு வெட்டுனது இல்ல டீச்சர். வளைவாவே அச்சுல போட்டுச் சுட்டிருக்கான். எவனோ ஒருத்தன் ரசிச்சுக் கட்டியிருக்கான்."

பிறகு மேலே வந்து, விரிசலுக்குக் குறுக்கே விரலகலக் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு முனையிலும் பிளாஸ்டர் அப்பி, அதில் பென்சிலால் தேதி எழுதினார். "சுவரு வாயத் தொறந்து பேசாது. இதுதான் பேசும். விரிசல் துளி அகண்டாலும் உடைஞ்சிரும். மழை முடியிற வரைக்கும் உடையலன்னா நீங்க இருக்கலாம். உடைஞ்சா எல்லாரும் காலி பண்ணணும்."

அந்த மழைக்காலம் முழுக்க நான் அந்தக் கண்ணாடியோடுதான் குடித்தனம் பண்ணினேன். கனவில் சுவர் தூங்குகிற குழந்தை மாதிரி மெல்ல மூச்சுவிடும். கண்ணாடி அதோடு ஏறி இறங்கும். சனிக்கிழமைதோறும் செல்லையா வருவார். கண்ணாடியைப் பார்ப்பார், காபி குடிப்பார், எதிர்ச்சாரியில் நின்று ஜன்னல் வளைவுகளையே பத்து நிமிஷம் பார்த்துவிட்டுப் போவார்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காபி கலக்கும்போது டிக்கென்று ஒரு சத்தம். கண்ணாடி இரண்டாகியிருந்தது. "நடக்கிறது நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் வண்டியைப் பிடிக்க ஓடிவிட்டார். எனக்கு அப்படி ஓட முடியுமா? இந்த பம்பாயில் இன்னொரு வீட்டுக்கு எங்கே போவது? படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் அதே அளவுக்கு ஒரு துண்டு வாங்கி, பிளாஸ்டர் குழைத்து ஒட்டி, பழைய தேதியையும் எழுதிவைத்தேன். உடைந்ததை அரிசி டின்னுக்குள் ஒளித்தேன்.

சனிக்கிழமை செல்லையா குனிந்தார். நிமிரவே இல்லை.

"இது நம்ம கண்ணாடி இல்லியே டீச்சர்."

"அதேதான்" என்று சாதித்தேன்.

"என் எழுத்து கோழி கிளறுன மாதிரில்லா இருக்கும்! இது கரும்பலகையில எழுதுன மாதிரி இருக்கே."

அட கையெழுத்தே! அழுதுவிட்டேன். அவர் திட்டவில்லை. "எப்பம் உடைஞ்சுது?" என்று மட்டும் கேட்டார்.

"காலி பண்ணச் சொல்லிடுவேளே!"

"அது பொறவு. எப்பம் உடைஞ்சுது, அதச் சொல்லுங்க."

சொன்னதும் கீழே ஓடினார். செவ்வாய்க்கு முன்னால் இங்கே என்ன நடந்தது என்று ஒவ்வொரு கடையாகக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரு கைவண்டி மோதி, மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய் முனையில் உடைந்திருந்தது. கூரைத் தண்ணீர் அத்தனையும் ஒரு வாரமாக அந்த மூலையின் காலடியில்தான் கொட்டிக்கொண்டிருந்தது. தோண்டிப் பார்த்தால், அஸ்திவாரத்துக்கு அடியில் மண் கரைந்து, என் கை முழங்கைவரை போனது. என் பொய்க் கண்ணாடியை அவர் நம்பியிருந்தால் இன்று இதை எழுத நான் இல்லை.

அன்றே எல்லாரையும் இறக்கினார். குழாயை மாற்றி, பள்ளத்தை அடைத்து, பத்தாம் நாள் எங்களை மாடியேற்றினார். புதிதாக ஒட்டிய கண்ணாடி மூன்று மழைக்காலம் உடையவில்லை. இடிக்கும் பேச்சும் அடங்கிப்போயிற்று. "என்னைப் பத்தி ரிப்போர்ட்ல என்ன எழுதினேள்?" என்று ஒருநாள் கேட்டேன். "செவ்வாக்கிழமை உடைஞ்சுதுன்னு எழுதுனேன். பொய்க் கண்ணாடி ஒட்டுனது யாருன்னு எழுத அதுல கட்டம் இல்ல" என்று சிரித்தார்.

அரிசி டின்னிலிருந்து நான் எடுத்துக் கொடுத்த அந்த இரண்டு துண்டுகளிலும் அவர் "செவ்வாய்" என்று கிறுக்கி, என்னிடமே திருப்பித் தந்திருந்தார். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அவ்வளவுதான். வியாழக்கிழமை அவற்றை எடுத்துச் சேர்த்துவைத்தேன். அவர் எழுத்துக்குக் கீழே "வியாழன்" என்று எழுதினேன். என் எழுத்தும் கோழி கிளறின மாதிரிதான் வந்தது. இருக்கட்டும். எப்பம் உடைஞ்சுது என்று அவர் கேட்டால், இந்தத் தடவை நான் உண்மையைச் சொல்ல வேண்டுமே.