வெளுத்த பெல்ட்

மலர்க்கொடிக்குக் கறை ஆகாது. புவனகிரியில் அவள் வீட்டுக் கொடியைப் பார்த்தாலே தெரியும். தொங்குகிற பள்ளிக்கூடச் சட்டைகள் கண்ணைப் பறிக்கும். சின்ன வயதில் அழுக்குச் சட்டை போட்டு வந்தாள் என்று வாத்தியார் அவளைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். அன்றைக்குப் பிடித்த வீம்பு, நாற்பது வயதாகியும் விடவில்லை. அந்த வீம்பே தன்னை இந்தக் கதிக்குக் கொண்டுவந்து நிறுத்தும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை, பாவம்.

கடலூர் பக்கத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் சேஃப்டி ஸ்டோரில் அவளுக்கு வேலை. அங்கே கூடை மாதிரி ஒரு ஸ்ட்ரெச்சர் உண்டு. குழியில் விழுந்தவனைப் படுத்த வாக்கிலேயே மேலே தூக்க, அதற்கு நைலானில் ஒரு பெல்ட். கால் மாதிரி தொங்கும் நாலு பட்டை, கால் நுனிக்கு ஒரு கொக்கி, நாலும் மேலே ஒரே வளையத்தில் சேரும். போன வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், அந்த வெள்ளை பெல்ட் முழுக்க கிரீஸ் கறை. அப்படியே வைத்துப் படைக்க அவளுக்கு மனம் வருமா? தண்ணீர்த் தொட்டிக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து ராத்திரி முழுக்க ஊற வைத்தாள். மறுநாள் பெல்ட் பளபளவென்று இருந்தது. சந்தனம், குங்குமம் வைத்தாள். சேஃப்டி ஆபீசர் சபாபதி, புதுசு மாதிரி இருக்கிறதே என்று எல்லார் எதிரிலும் பாராட்டினார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

தை மாதம் சிதம்பரத்தில் ரெண்டு நாள் டிரெயினிங். பெல்ட்டை அங்குலம் அங்குலமாக விரலில் ஓட்டிப் பார்க்கணும், மடக்கிப் பிடித்து நூல் அறுந்திருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கணும், கொக்கி தானாக மூடிக்கொள்கிறதா என்று பார்க்கணும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அவளும் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாள். பிறகு, லேசான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில்தான் உலர்த்தணும், பிளீச்சிங் பட்டால் நைலான் உள்ளுக்குள்ளேயே செத்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது, எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு ஆபத்து என்றார்கள். பேனா அப்படியே நின்றது. அந்த வரியை மட்டும் அவள் எழுதிக்கொள்ளவில்லை.

மறுநாள் சபாபதியிடம் போய், பெல்ட் உதவாது, நூல் நைந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். புதுசுக்கு எழுதிப் போடுகிறேன், மூணு வாரத்தில் வந்துவிடும், அதுவரைக்கும் பழசு தொங்கட்டும் என்றார் அவர். ஆனால் உதவாத பெல்ட்டை அன்றைக்கே வெட்டிப் போடணும், அவசரத்தில் எவனாவது எடுத்து மாட்டிவிடுவான் என்பதுதான் விதி. சாயங்காலம் பெரிய கத்திரிக்கோலால் நாலு காலையும் வெட்டினாள். விதிக்காக வெட்டினாளா, செய்ததை மறைக்க வெட்டினாளா? அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது.

மூணு வாரம் மூணு மாதமானது. புது பெல்ட்டைக் காணோம்.

சித்திரையில் பம்ப் ஆபரேட்டர் ராஜவேல் ஏணி வழுக்கிக் கழிவுத் தொட்டிப் பக்கத்துக் குழியில் விழுந்தான். இருபது அடி. இடுப்பு போய்விட்டது, ஆனால் நல்ல நினைவு இருந்தது, தண்ணீர் கேட்டான். ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துவிட்டார்கள். தூக்கத்தான் பெல்ட் இல்லை. கிடைத்த கயிற்றை நாலு மூலையிலும் கட்டி இழுத்தார்கள். பாதி வழியில் ஒரு முடிச்சு இளகி ஸ்ட்ரெச்சர் சாய்ந்தது. ராஜவேல் நழுவி மறுபடியும் கீழே விழுந்தான். இந்தத் தடவை தலை. வண்டியில் ஏற்றும்போது உயிர் இல்லை.

விசாரணையில், உதவாத பெல்ட்டை அன்றைக்கே வெட்டிப் போட்ட மலர்க்கொடி ஒருத்திதான் விதிப்படி நடந்தவள் என்று எழுதி, ஒரு பாராட்டுக் கடிதமும் கொடுத்தார்கள். அதை வாங்கி வந்தவள் ஸ்டோர் அலமாரியின் அடித்தட்டில் ஒளித்து வைத்தாள். புது பெல்ட் ஒன்பதே நாளில் வந்தது. ஆள் செத்தால்தான் இவர்களுக்குக் கையெழுத்து ஓடும்.

அதோடு விட்டதா? ராஜவேலின் மனைவி சந்திரலேகாவுக்குக் கம்பெனி வேலை போட்டுக் கொடுத்தது. எங்கே? சேஃப்டி ஸ்டோரில், மலர்க்கொடிக்கு உதவியாக.

முப்பது வயதுகூட ஆகாத பெண். நீங்க ஒருத்தராவது ஒழுங்கா இருந்தீங்களேக்கா என்று முதல் நாளே கையைப் பிடித்துக்கொண்டாள். தினமும் தன் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி சோறு எடுத்து மலர்க்கொடிக்கு வைப்பாள். மலர்க்கொடி அதைத் தொடாமல் ஓரமாக ஒதுக்கி வைப்பாள். பெல்ட்டைச் சோதிக்கிற வேலையை மலர்க்கொடி ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். விரல் ஓட்டுவது, தையல், கொக்கி, மேலே தைத்திருக்கிற தேதிச் சீட்டு, எல்லாம். கழுவுவது பற்றி மட்டும் பேச்செடுக்கவில்லை. பிளீச்சிங் என்ற சொல் நாக்கு வரைக்கும் வரும். எப்படித் தெரியும் என்று கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில் விழுங்கிவிடுவாள். நாளைக்குச் சொல்லலாம் என்பாள். புரட்டாசியும் வந்துவிட்டது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலை மலர்க்கொடி ஸ்டோருக்குள் நுழைந்தாள். மூக்கில் நெடி ஏறியது. சந்திரலேகா வாளியின் முன் குந்தி உட்கார்ந்திருந்தாள். வாளிக்குள் புது பெல்ட்.

“நேத்து சாயங்காலமே ஊறப் போட்டுட்டேங்க்கா. கறை ஜாஸ்தியா இருந்துச்சு. படைக்கறப்ப பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு.”

மலர்க்கொடி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இனி எந்த நாளைக்குத் தள்ளிப்போட? போன வருடத்து வாளியிலிருந்து கத்திரிக்கோல் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். சந்திரலேகா வாளியிலிருந்து கையை எடுத்தாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

“அன்னைக்கு நீங்க வெட்டாம இருந்திருந்தா, அவரத் தாங்கியிருக்குமா?”

“தெரியாதும்மா. தாங்கியிருக்கலாம். அறுந்தும் போயிருக்கலாம். வெட்டிட்டதால இனிமே யாருக்குமே தெரியாது.”

சந்திரலேகா எழுந்து போய்க் கத்திரிக்கோலை எடுத்துவந்து அவள் மடியில் போட்டாள்.

“இதையும் வெட்டுங்க.”

மலர்க்கொடி வெட்டினாள். ஈர பெல்ட், சுலபத்தில் அறுபடவில்லை. நாலு காலுக்கும் கால் மணி நேரம் பிடித்தது. சந்திரலேகா பக்கத்தில் நின்று கடைசி இழை அறுகிற வரைக்கும் பார்த்தாள். பிறகு தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மலர்க்கொடி சபாபதியிடம் போனாள். இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை. பூஜைக்காகக் குழியைச் சுத்தம் பண்ண நாலு பேர் இறங்கியிருக்கிறார்கள், பெல்ட் இல்லை, அவர்களை மேலே ஏறி வரச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். புதுசுக்கு எழுதிப் போடுகிறேன், மூணு வாரத்தில் வந்துவிடும் என்றார்.

“அதுவரைக்கும் பாத்து எறங்கச் சொல்லுவோம்.”