பச்சைக் கோடும் மயிலும்

தபால்தலை அளவுதான் இருக்கும் அந்தக் கண்ணாடி. ஓரத்திலிருந்து மெல்லிய நாடா ஒன்று தொங்கியது. அத்தான் அதை உள்ளங்கையில் வைத்து, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். யாரோ பழைய இரும்புக்குப் போட்ட புரொஜெக்டரின் வயிற்றிலிருந்து எடுத்தது. உள்ளே மூன்று இருந்தன. கழற்றும்போதே இரண்டு விரிசல் விட்டுவிட்டன. மிஞ்சியதை அவர், ஒளியைப் புள்ளி புள்ளியாக மாற்றி அனுப்பும் ஸ்பேஷியல் லைட் மாடுலேட்டர் என்றார். "மாடு வாங்கிருந்தாப் பாலாச்சும் கறந்திருக்கலாம்" என்றாள் அக்கா.

அத்தான் வில்பட்டிக்காரர். மதுரையில் இயற்பியல் படித்து, ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு எங்கள் மலைக்கே திரும்பியவர். ஹோட்டல்களில் டிவியும் புரொஜெக்டரும் பழுதுபார்ப்பார், அதுவும் மனசு வந்தால். அக்கா ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தாள். எங்கள் அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அக்கா அங்கே பிறந்தவள், நான் இங்கே. நான் நாயுடுபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் வராத மத்தியானங்களில் அத்தான் எழுதிய கணக்கு புரோகிராம் என் கம்ப்யூட்டரில் ஓடும். மயில் படம் ஒன்றைக் கொடுத்தால், அது நெடுநேரம் முக்கி முனகி, திரை முழுக்க எள்ளைக் கொட்டியதுபோலப் புள்ளிகளைத் தரும். அதற்குள் தோகையையாவது கண்டுபிடித்துவிடலாம் என்று நானும் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது.

அத்தான் தன் வீட்டு ஜன்னலைக் கம்பளியால் மூடிவிட்டு, அந்தப் புள்ளிகளைக் கண்ணாடியில் வரவழைத்து, பச்சை லேசர் ஒளியை அதனூடே அனுப்புவார். எதிரே வெள்ளை அட்டையைப் பிடித்தால் அதில் உள்ளங்கையகல மயில். அட்டையைப் பின்னால் நகர்த்தினால் மயில் கலங்கிப்போய், படத்தில் அதற்குப் பின்னாலிருந்த மரம் தெளியும். "கண்ணாடியப் பாதி மறச்சுப் பாரும்மா" என்றார் ஒருநாள். பாதி மயில் போய்விடும் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் மங்கியதே தவிர, முழு மயிலும் அப்படியே நின்றது. எப்படி என்று கேட்டேன். "மயிலோட ஒவ்வொரு துளியும் எல்லாப் புள்ளியிலயும் கெடக்கும்மா." புரிந்ததுபோலத் தலையாட்டினேன். இன்றுவரை அந்தத் தலையாட்டலைத் தாண்டி நான் போகவில்லை.

அக்காவுடைய ஹோட்டல் முதலாளிக்கு, வரவேற்பறையில் அந்தரத்தில் ஓர் உருவம் நிற்க வேண்டுமென்று ஆசை. அக்காதான் அத்தானைப் பற்றிச் சொல்லிவைத்தாள். பிடித்துப்போனால் அங்கேயே நிரந்தர வேலை. மாதக்கணக்காக அவரை வேலை, வேலை என்று நச்சரித்தவள், முதலாளிக்குக் காட்டும் நாளன்று வெள்ளனே எழுந்து அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டாள்.

ஹோட்டல் ஹாலில் திரைச்சீலைகளை இழுத்து இருட்டாக்கினோம். நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஒரு ஜன்னல் சரியாகச் சாத்தவில்லை. அத்தான் லேசரைப் போட்ட நேரம், வெளியே இறங்கியிருந்த மேகம் அந்த இடுக்கு வழியாக உள்ளே வந்தது. வந்த மேகத்தில் ஒளி போகும் வழி முழுவதும் பச்சைக் கோடாகத் தெரிந்தது. முதலாளியும் ஹோட்டல் ஆட்களும் வாய்பிளந்தார்கள், பிறகு கைதட்டினார்கள். முதலாளி அந்த ஒளிக்கோட்டுக்குள் கையை நீட்டி, சட்டைக்கையில் பச்சை வழிவதைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுதான் தம்பி! இதுதான் வேணும்!"

அத்தான் அட்டையை உயர்த்திப் பிடித்தார். "மொதலாளி, படம் இங்க இருக்குங்க. அது சும்மா வெளிச்சம் போற பாதைங்க."

யாரும் திரும்பவில்லை. "அந்தக் கண்ணாடி எதுக்கு? நாலு லேசரு, பொக விடுற மெஷின் ஒண்ணு. வெரசா முடிச்சிரலாம். நாளைக்கே வந்து சேந்துக்கங்க" என்றார் முதலாளி.

அத்தான் அட்டையை இறக்கினார். "சரிங்க" என்றார்.

வாசலில் நின்றிருந்த அக்கா உள்ளே வந்தாள். "வேணாங்க மொதலாளி. அவரு காட்ட வந்தது அது இல்லீங்க."

"என்னம்மா இது? நீதானே கேட்ட?"

"நாந்தாங்க கேட்டேன். வேணாங்க."

சொல்லிவிட்டு அவளே பிளக்கைப் பிடுங்கினாள். கோடு மறைந்தது. அத்தான் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

முதலாளி அவளை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. வேறு யாரோ வந்து லேசரும் புகையுமாகச் சீசன் முழுக்க நடத்தினார்கள். அந்த ஹாலைத் தினமும் கூட்டியவள் அக்காதான். அத்தான் பல மாதம் சும்மா இருந்தார். அம்மா அக்காவோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். கடைசியில் கோயம்புத்தூரில், கண் பரிசோதிக்கும் கருவிகளுக்கு லென்ஸ் பொருத்தும் ஒரு சின்னக் கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறார். சிரித்த முகமாகத்தான் இருக்கிறார். மயிலைப் பற்றி அவர் பேசுவதில்லை. அன்று அக்கா செய்தது நல்லதா கெட்டதா என்று நான் யோசிக்காத வருஷம் இல்லை. ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு பதில் வரும்.

போன தடவை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டே விட்டேன். "அன்னைக்கு நீ மயிலப் பாத்தியாக்கா?"

"எங்க பாத்தேன்? நான் நின்ன எடத்துக்கு அட்டையோட முதுகுதான் தெரிஞ்சுது."

"பெறகு ஏன் வேணாம்னு சொன்ன?"

கத்தி நின்றது. "அவரு சரிங்கன்னு சொன்னாருல்ல? தோட்டத்துல நம்ம அப்பா கங்காணிகிட்ட சொல்ற 'சரிங்க'டி அது."