நாற்பது பேருக்கும் ஒரே இடத்தில் கிழிந்த துணி

நாற்பது பிள்ளைகள் சொந்தமாகத் தவறு செய்ய வேண்டுமென்றால், அந்தத் தவறுகளை நான் கரும்பலகையில் எழுதிப் போடக் கூடாது. இந்தச் சின்ன விஷயம் உறைக்க எனக்கு இருபத்திரண்டு வருட வாத்தியார் வேலை போதவில்லை. ஓர் அதிகாரியம்மா வந்துதான் உறைக்க வைத்தார்.

திருவொற்றியூரில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பிள்ளை கடைசியில் என்ன செய்து முடித்தது என்று மட்டும் பார்க்காதீர்கள். எப்படிச் செய்தது, எங்கே சறுக்கியது, அப்புறம் என்ன யோசித்தது என்பதையும் நோட்டில் எழுத வையுங்கள் என்றது. அருமையான யோசனை. ஸ்டாஃப் ரூமில் நானே பத்து நிமிடம் அதைப் புகழ்ந்து பேசினேன்.

கலங்கிய தண்ணீரை வடிகட்டுகிற பாடம். பாதியாக வெட்டிய பாட்டில், துணி, மணல், கரி. இரண்டு நாள் ரகளை. கரித்தூள் பாதி பாட்டிலில், பாதி என் சட்டையில். இப்படியே போனால் போர்ஷன் முடிந்த மாதிரிதான் என்று பயந்து சாக்பீஸை எடுத்தேன்.

“முதல் முயற்சி: துணி கிழிந்தது. இரண்டாம் முயற்சி: கரி கலந்து நீர் கறுத்தது. மூன்றாம் முயற்சி: வெற்றி. கற்றது: விடாமுயற்சி.”

“அழகா எழுதுங்க, அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது” என்றேன். தவறுகளை எழுதுகிற நோட்டில் தவறு இருக்கக் கூடாதாம்!

எண்ணூர்க் குப்பத்திலிருந்து வருகிற ஒரு பெண் எழுந்தாள். வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற கழிமுகத் தண்ணீரையே பாட்டிலில் பிடித்து வந்தவள்.

“சார், என்னுதுல துணி கிழியவே இல்ல.”

“கிழிஞ்சதா எழுதும்மா.”

“தண்ணி தெளிஞ்சிப்போச்சி சார். ஆனா தட்டுல ஊத்தி வெயில்ல வெச்சா வெள்ளையா உப்பு நிக்குது. இன்னா பண்றது?”

“அது அடுத்த பாடம். போர்டைப் பார்த்து எழுது.”

அவள் உட்காரவில்லை. “கண்காட்சிக்கு யாரை இட்டுகினு போவீங்க சார்?”

பள்ளிக்கு ஒரு பிள்ளை மாவட்ட அறிவியல் கண்காட்சிக்குப் போகலாம். நோட்டுகளைப் பார்க்க வரும் கல்வி அதிகாரி தேர்ந்தெடுப்பார். ஒரு வாரமாக இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“யாரு கையெழுத்து அழகோ அவங்க” என்றேன். அவள் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். உட்கார்ந்து போர்டைப் பார்த்து எழுதினாள்.

அதிகாரியம்மா வந்தார். முதல் நோட்டுக்குத் தலையாட்டினார். ஐந்தாவது நோட்டில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“என்ன சார், நாற்பது துணியும் ஒரே மாதிரி கிழிஞ்சிருக்கு? எந்தக் கடையில வாங்கினீங்க?”

“மொத்தமா எடுத்தது மேடம்.”

அந்தப் பெண்ணின் நோட்டை மூடப் போனவர், பின்பக்கமாகத் திருப்பினார். நோட்டின் கடைசிப் பக்கம் எதற்கென்று நமக்குத் தெரியும்: கணக்குப் போட்டுப் பார்க்க, பூ வரைய, வாத்தியாருக்கு மீசை வைக்க. அதற்காகவே நான் வருடக்கணக்காக மார்க் குறைப்பவன். இவளோ பின்னாலிருந்து ஆறு பக்கம் நிரப்பியிருந்தாள், தண்ணீர்க் கறையும் அடித்தலுமாக.

“நாலாவது வாட்டி: கரி ஜாஸ்தி போட்டேன். உப்பு போவல. அஞ்சாவது: தட்டை எடுத்ததுக்கு அம்மா திட்டிச்சி. உப்பு போவல. ஆறாவது: மணல்லயே உப்பு கீதோன்னு மணலைக் கழுவினேன். அப்பவும் போவல. அப்போ உப்பு துணியில மாட்டாது. தண்ணிக்குள்ளயே ஒளிஞ்சிகினு கீது.”

கடைசி வரியை அதிகாரியம்மா இரண்டு முறை படித்தார். “கண்காட்சிக்கு இவங்கதான்.”

அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை. நிஜம்தானா என்று என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன், ஏதோ நானே தேர்ந்தெடுத்த மாதிரி.

ஆனால் புத்தி எங்கே போகும்? அதிகாரி வண்டி ஏறியதும் கண்காட்சியில் மற்றப் பள்ளிகளின் மேசைகளை நினைத்துப் பார்த்தேன். நம் பள்ளி மேசையில் மட்டும் தோல்வியா? அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“தண்ணியைக் கொதிக்க வெச்சு ஆவியைப் பிடிச்சா உப்பு கீழே தங்கிடும்மா. ஏழாவது முயற்சி வெற்றின்னு போட்டுடலாம். நான் போர்டுல எழுதித் தர்றேன்.”

நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“வேணா சார், நானே தோத்துக்கறேன்.”