நண்பரைப் பற்றி எழுதிய பக்கம்

என் நெருங்கிய நண்பரை நான் இழந்தது சண்டையால் அல்ல. என் கையெழுத்தில் இருந்த ஒரு பக்கத்தால். அப்படி ஒரு பக்கம் எழுதும் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1957இல் பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைக் கையளித்தபோது நான் டொக்யார்ட் அலுவலகத்தில் எழுதுவினைஞன். நண்பர் அங்கே லோஞ்ச் என்ற இயந்திரப் படகு ஓட்டினார். குடாவுக்கு அக்கரையில் உள்ள கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம், என்னைவிட நான்கு வயது மூத்தவர். அவர்கள் ஊர் வழக்கப்படி அண்ணன் என்ற முறையில் நான் அவரைக் காக்கா என்பேன். அவர் என்னைக் கிளாக்கர் என்பார். மத்தியானச் சாப்பாடு எப்போதும் இருவருக்கும் ஒன்றாகத்தான். அவர் வீட்டு மீன் ஆணமும் என் வீட்டுப் பருப்பும் ஒரே சோற்றுக் கோப்பையில் கலக்கும்.

கையளிப்புக்கு முந்திய வாரங்களில் கோப்புகளைப் பிரிக்கும் வேலை எனக்கு வந்தது. கொண்டுபோக வேண்டியவை, விட்டுச்செல்ல வேண்டியவை, எரிக்க வேண்டியவை என மூன்று குவியல்கள். மூன்றாவது குவியலில் இரண்டாம் உலகப் போருக்கு முந்திய ஒரு கோப்பு இருந்தது. எதிரி ஒருவன் கொட்டியாரக் குடாவுக்குள் கப்பல்களைக் கொண்டுவந்தால் என்ன செய்வது என்ற திட்டம் அது. எதிரியின் பெயரைப் பார்த்து இரண்டாம் முறை வாசித்தேன். அந்தப் போரில் பிரித்தானியரோடு தோளோடு தோள் நின்ற நாடு அது. அதன் மாலுமிகள் இதே துறைமுகத்தில் இறங்கிப் பந்து விளையாடிவிட்டுப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

அறைக்குள் வந்த ஆங்கில அதிகாரியிடம் கோப்பைக் காட்டினேன். அவர் வெட்கப்படவில்லை. அந்நியன் வாசலைத் தேட வேண்டும், நண்பனுக்கு வாசல் தெரியும், ஆகவே நண்பனுக்கான திட்டம்தான் கூடுதல் கவனத்தோடு எழுதப்பட வேண்டும் என்றார். அவர்களிடமும் எங்களைப் பற்றி ஒன்று இருக்கும் என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அதில் ஒரு பெரிய நாகரிகம் இருப்பதாக நினைத்தேன்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் நண்பரிடம் சொன்னேன். முதல் நாளே கிண்ணியாப் பாதையை, அதாவது ஆட்களை அக்கரைக்கு ஏற்றும் மிதவையை, மூழ்கடிக்க வேண்டும் என்று அந்தத் திட்டத்தில் இருந்தது.

"பாதையத் தாக்கிறதா? அப்ப வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு நாங்க நீந்திறதா?" என்றார்.

"எதிரி பாவிக்கக் கூடாதெண்டுதான், காக்கா."

"எதிரி ஒரு தரம் அந்தப் பாதையில ஏறினா அவனாவே திரும்பிப் போயிருவான். விடுங்க கிளாக்கர், மீனச் சாப்பிடுங்க."

பின்னாளில் நிறைய வாசித்தேன். இரண்டு உலகப் போர்களுக்கும் இடையே அமெரிக்கா பிரித்தானியாவுக்கு எதிராகவும், கனடா அமெரிக்காவுக்கு எதிராகவும் இப்படித் திட்டம் வரைந்து பெட்டியில் வைத்திருந்தன என்று அறிந்தபோது, பழைய ஆள் ஒருவரைச் சந்தித்தது போல மகிழ்ந்தேன்.

1977 ஆகஸ்டில் தெற்கிலிருந்து தமிழருக்கு எதிரான கலவரச் செய்திகள் வரத் தொடங்கின. அனுராதபுரம் பக்கத்திலிருந்து ஓடி வந்தவர்கள் கோயில் மண்டபத்தில் படுத்திருந்தார்கள். எனக்கு மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். நகரத்தில் நிலைமை கெட்டால் அவர்களை எப்படிக் கரை சேர்ப்பது? இந்த ஒரு கேள்வியோடு ஒரு கொப்பியை எடுத்து உட்கார்ந்தேன். முதல் பக்கத்தில் எடுத்துச்செல்ல வேண்டிய சாமான்கள். அடுத்த பக்கங்களில் எங்கள் தெருவின் ஒவ்வொரு வீடும்: யாரிடம் கார், யாரிடம் வானொலி, யாரை எவ்வளவு தூரம் நம்பலாம். கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் இட்டேன்.

நண்பர் அப்போது ஓய்வு பெற்று, கிண்ணியாவில் சொந்தமாக ஒரு இயந்திரப் படகு வைத்திருந்தார். அவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். அதில் எழுதியதை மறக்க முயன்றும் முடியவில்லை: "படகு ஒன்று, ஆறு பேர். நல்லவர். ஆனால் நிலைமை முற்றினால் தன் ஊராரின் சொல்லை மீறமாட்டார். அப்படியானால் பின்னேரம் வேறு படகில் மூதூர் வழியாகக் கிளிவெட்டி. நாம் புறப்படும் நேரம் அவருக்குத் தெரியக் கூடாது." அவர் மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. திட்டம் என்றால் எல்லாம் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதினேன். சந்தேகத்தோடு எழுதியிருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திராது என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டு நாள் கழித்து, காலை ஒன்பது மணி போல, அவரே வாசலில் வந்து நின்றார். நான் ஆள் அனுப்பவில்லை.

"வெளிக்கிடுங்க. படகு கீழ நிக்கிது. தங்கச்சி, அடுப்ப அணைங்க, சோறு எங்கட வீட்டில."

மனைவி அழுதுகொண்டே உடுப்புகளை அடுக்கினாள். நான் அலுமாரியிலிருந்து காணி உறுதிப் பத்திரங்களை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் விடுபடக் கூடாது என்ற பதற்றத்தில், "காக்கா, மேசையில கொப்பி இரிக்கு, சாமான் லிஸ்ட்ட ஒருக்கா வாசியுங்க, நான் எடுத்து வைக்கிறன்" என்றேன்.

அவர் உரத்து வாசித்தார். உறுதிகள். பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள். மகளின் ஆஸ்துமா மருந்து. மருந்துப் போத்தலை நான் எடுத்து வைத்தபோது அவர் பக்கத்தைத் திருப்பினார். பட்டியல் தொடர்கிறது என்று நினைத்திருப்பார். இன்னும் இரண்டு பக்கம் திருப்பும் சத்தம் கேட்டது. பிறகு அதே குரலில், அதே வேகத்தில் வாசித்தார்.

"படகு ஒன்று, ஆறு பேர். நல்லவர்."

நான் திரும்பினேன். அவர் நிறுத்தவில்லை. கடைசி வரிவரை வாசித்தார். மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விரும்பவில்லை.

"இதில பிழை இரிக்கு," என்றார் நண்பர். "படகில எட்டுப் பேர் ஏறலாம். மூதூருக்குப் பின்னேரம் போறதெண்டு எழுதியிருக்கீங்க. இந்த மாசம் பின்னேரத்தில கச்சான் காத்து அடிக்கும், புள்ளைகளோட நடுக்கடலில கவிண்டிருப்பீங்க." மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து ஆறை வெட்டி எட்டு என்று எழுதினார். கொப்பியை மூடி என் பெட்டிக்குள் தாமே வைத்தார். "வாங்க, காத்து ஏற முந்திப் போவம்."

அவர் வீட்டில் பதினொரு நாள் இருந்தோம். தங்கள் படுக்கையறையை எங்களுக்குத் தந்தார்கள். என் மகளுக்கு இரவில் இழுப்பு வந்தபோது அவர் மனைவிதான் வெந்நீரோடு கூட இருந்தார். குறை என்று ஒன்றைச் சொல்ல முடியாது. ஆனால் படகில் ஏறியதிலிருந்து அவர் என்னைக் கிளாக்கர் என்று கூப்பிடவில்லை. ஐயா என்றார். எங்கே போனாலும் வந்து சொன்னார்: "ஐயா, நான் சந்தைக்குப் போறன், பத்து மணிக்கு வந்திருவன்." முந்தி அவர் எனக்கு ஒருபோதும் நேரம் சொன்னதில்லை.

நிலைமை அடங்கியதும் எங்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். அதற்குப் பிறகு அவர் நகரத்துக்கு வந்து போவதாகக் கேள்விப்படுவேன். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஒரு வருடம் பொறுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானே மிதவைப் பாதையில் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனவன், விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டேன். அது வெறும் காகிதம், நடக்கும் என்று எழுதியது அல்ல, பெரிய பெரிய நாடுகளே தங்கள் சிநேக நாடுகளைப் பற்றி அப்படி எழுதி வைத்திருந்தன என்றேன். படித்ததையெல்லாம் சொன்னேன்.

அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "ஓம், அந்த நாடுகள் ஒரு கோப்பையில சாப்பிட்டதா, ஐயா?" என்று மட்டும் கேட்டார்.

அதுதான் மன்னிப்புக் கேட்க வேண்டிய நேரம் என்று தெரிந்தும் நான் தேநீரைக் குடித்தேன். அவர் வயல் அறுவடையைப் பற்றிக் கதைத்தார், நானும் கதைத்தேன்.

புறப்பட எழுந்தபோது அவரும் எழுந்தார். சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு துறையடிவரை என்னோடு நடந்து வந்தார். பாதை வரும்வரை வெயிலில் நின்று, நான் ஏறியதும் கையை உயர்த்தினார். அது மரியாதை. இருபது வருடத்தில் அவர் என்னை ஒருமுறைகூட வழியனுப்ப வந்ததில்லை. அந்த வீட்டுக்குள் நானாக வருவேன், நானாகப் போவேன்; நான் போனதுகூடச் சில நாள் அவருக்குத் தெரியாது.