நத்தார்ப் பிள்ளைக்கு ஒரு விளையாட்டுச் சாமான்

விளையாட்டுச் சாமான் விக்கிற யாவாரத்தில பெரிய தொல்லை என்னெண்டா, அத வச்சி விளையாடப் போறவன் கடையில வாய் திறக்க மாட்டான், மத்த எல்லாரும் திறந்த வாய மூட மாட்டாங்க. கடையில நிண்டு கால் வீங்கின ஆக்களே, உங்களுக்கு நான் இத விளங்கப்படுத்தத் தேவல்ல. ஒரு பந்து எடுக்க ஒரு குடும்பமே வந்து, கடையத் தலைகீழாக்கிப் போட்டு, "நாளைக்கு வாறம்" எண்டு போன கதை உங்கள்ட்டயும் இருக்கும்.

நான் நிண்டது கல்முனை பசாரில, வளையல், விளையாட்டுச் சாமான் விக்கிற ஒரு பென்சிக் கடையில. எழுபத்தேழில புது அரசாங்கம் வந்து வெளிநாட்டுச் சாமானுக்குக் கதவு திறந்ததும் எங்கட முதலாளி ஹாஜியார் கொழும்புக்குப் போய், சாவி குடுத்தா ஓடுற கார், கண் மூடித் திறக்கிற பாவைப்பிள்ளை எண்டு லொறியில கொண்டுவந்து குவிச்சிட்டார். பெருநாளைக்கு எங்கட முஸ்லிம் ஆக்கள் வருவாங்க. மார்கழியில யேசு பிறந்த நத்தாருக்கு வேதக்காரத் தமிழாக்கள் வருவாங்க. அந்த மாசம் மழையும் விடாது, சனமும் விடாது.

எண்பதுகள் தொடங்கின காலத்தில ஒரு மார்கழி. அந்த மாசம் ஒரே ஒரு பொடியன் எங்களப் படுத்தின பாட்டத்தான் சொல்லப் போறன். பேர் யூட். நத்தாருக்கு முதல் நாள் ரெண்டு வயசு முடியப் போகுது, அவ்வளவுதான்.

ஒண்டா, ரெண்டா?

நத்தாருக்கு முதல் நாள் பிறந்த பிள்ளை எண்டா கடைக்காரனுக்கு அரியண்டம். ஒரு சாமானப் பிறந்த நாளுக்கும் நத்தாருக்கும் சேத்துக் குடுத்தா, சொந்தக்காரர் "கஞ்சப் பிசுநாறி" எண்டுவாங்க. ரெண்டு எடுத்துக் குடுத்தா, முதல் நாள் குடுத்தத அடுத்த நாள் பிள்ளை கிறுகியும் பாக்காது. இதில நான் புத்தி சொல்லுறதுதான் பெரிய பகிடி. எங்கட வீட்டில அந்தக் காலம் பிறந்த நாள் எண்டு ஒண்டும் இல்ல. எண்ட பிறந்த நாள் எப்ப எண்டு உம்மாட்டக் கேட்டா, "நீ பிறக்கக்க வெள்ளாமை வெட்டு" எண்டுதான் சொல்லுவா.

யூட்ட தாய் ஜெசிந்தா பக்கத்து ஊர் பாண்டிருப்புப் பிள்ளை. குடைய மடக்கி வாசல்ல வச்சிட்டு வந்தா. நான் வழமை மாதிரி, "ஒண்டா தங்கச்சி, ரெண்டா?" எண்டு சிரிச்சன். அவ சிரிக்கல்ல. புருசன் அன்ரன் குவைத்துக்குப் போகக்க யூட் வயித்துக்குள்ள. இப்பதான் முதல் தரமா லீவில வந்திருக்கார், புது வருஷம் பிறந்த கையோட திரும்பிப் போகணும். வந்த நாள்ல இருந்து தகப்பனக் கண்டா பிள்ளை வீரிட்டுக் கத்துறானாம். அந்த மனிசன் இன்னும் ஒருக்காலும் பிள்ளையத் தூக்கல்லயாம். இதையெல்லாம் எனக்கிட்டச் சொல்லுறதா விடுறதா எண்டு யோசிச்சு யோசிச்சுச் சொல்லி முடிச்சா. எங்கள்ல அண்ணனக் காக்கா எண்டுற மாதிரி, அவவும் என்னைய அப்பிடித்தான் கூப்பிடுற.

"ஒண்டு போதும் காக்கா. ஆனா அத அவர்ட கையால வாங்கக்க பிள்ளை அழக்குடாது."

கரடியும் தாராவும்

அடுத்த நாள் அன்ரனே வந்தார். நல்ல உயரம், கட்டை மீசை, மழையில நனைஞ்ச புதுச் சேட்டு. குவைத்தில கிரேன் ஓட்டுறவர். அங்க இருந்து ஆள் உயரத்துக்கு ஒரு கரடி கொண்டு வந்தாராம். பிள்ளை முதல் முதல் தகப்பனக் கண்டதும் அந்தக் கரடியோடதான். ரெண்டையும் ஒண்டாக் கண்டு பயந்த பயத்தில காய்ச்சலே வந்திட்டுதாம். இப்ப கரடி அலுமாரிக்கு மேல சுவரப் பாத்துக்கிட்டு இருக்கு. "கரடிய ஏத்திட்டம் காக்கா, என்னைய எங்க ஏத்துற?" எண்டு கேட்டார். சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டார்.

நான் எண்ட தொழில் அறிவு முழுக்கக் கொட்டினன். மேளம் அடிக்கிற குரங்கு வேணாம், பயப்படுவான். கயிறு கட்டி இழுக்கிற மர வாத்து, எங்கட பேச்சில தாரா, நல்லம். நீங்க ஒரு பக்கம் பிடிங்க, அவன் மறு பக்கம் பிடிப்பான், கயிறு குறையக் குறைய ஆள் கிட்ட வந்திருவான் எண்டு பெரிய டொக்டர் மாதிரிச் சொல்லிக் குடுத்தன். ஆள் கொண்டு போனார். மறுகா ரெண்டு நாளால வந்து நிக்கார். தாரா நல்லாப் போகுதாம். வீடு முழுக்கப் பிள்ளை இழுத்துத் திரியிறானாம். தகப்பன் மற்றப் பக்கம் கயிற்றத் தொட்டா மட்டும் தாராவ விட்டுட்டு ஓடி, தாய்ட சீலைக்குப் பின்னால ஒளிக்கிறான்.

அது மனிசிட வீடு. எங்கட பக்கம் தமிழாக்களுக்கும் சரி எங்களுக்கும் சரி, கலியாணம் முடிச்சா மாப்பிள்ளை பெண் வீட்டில போய்த்தானே இருக்கிற. அங்க மாமி, மச்சினிச்சி எல்லாருட கையிலயும் பிள்ளை தாவுறான். இந்த மனிசன் மட்டும் விறாந்தையில கட்டில் போட்டுப் படுக்கார், இவர் அறைக்குள்ள வந்தா பிள்ளை நித்திரை கொள்ளாதாம். அடுக்கி வச்சிருந்த பந்தையெல்லாம் சும்மா எடுத்துத் துடைச்சுக்கிட்டு நிண்டன்.

"அந்தக் குவைத்து வெயில்ல நிண்டுட்டன் காக்கா, இந்தப் பிள்ளை பாக்கிற பார்வைக்கு முன்னால நிக்க ஏலாம இருக்கு."

ஹாஜியார்ட வைத்தியம்

இதையெல்லாம் காசு மேசையில இருந்து கேட்டுக்கிட்டிருந்த ஹாஜியாருக்குப் பொறுக்கல்ல. "சின்னப் பிள்ளையளுக்கு மீசை ஆகாது தம்பி, எடுத்துட்டுப் போங்க" எண்டார். நெஞ்சு வரைக்கும் தாடி வச்சிருக்கிற மனிசன் சொல்லுறார், பாருங்க! நான் வேணாம் எண்டு கண்ணக் காட்டினன். அன்ரன் கேட்டால்தானே. நேரா முன்னால இருக்கிற சலூனுக்குப் போய்ச் சிரைச்சுக்கொண்டு போனார்.

வீட்டில மச்சினிச்சிமார் விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம். பிள்ளை முந்தியவிடக் கூடக் கத்தினானாம். மீசைக்காரன் போய்ப் புதுசா இன்னொருத்தன் வந்திட்டான் எண்டு நினைச்சானோ, அல்லாஹ்தான் அறிவான். அடுத்த நாள் ஜெசிந்தா பிள்ளையத் தூக்கிக்கொண்டு கடைப் பக்கம் வந்தா. ஹாஜியார் "வாங்க மனே" எண்டு கையை நீட்டினதுதான் தாமதம், யூட் தாவி மடியில குந்தி அவர்ட தாடியப் பிடிச்சு இழுத்து விளையாடுறான். அன்ரன் அந்த நேரம் பார்த்து வாசலுக்கு வந்தார். பிள்ளை கண்டு கத்தத் தொடங்க, ஹாஜியாருக்கு வெட்கமாப் போய், தாடிய விடுவிக்கப் பாக்கார், ஏலுதில்ல. அன்ரன் வாசலோடயே நிண்டிட்டார்.

"தாடியிலயும் குத்தமில்ல, மீசையிலயும் குத்தமில்ல ஹாஜியார். என்னிலதான்."

கதவு பூட்டின பகல்

பிறந்த நாளுக்கு முதல் நாள் பகல். பிள்ளையே பாத்து எடுக்கட்டும் எண்டு ஜெசிந்தா யூட்டக் கூட்டி வந்தா. அவன் அழக்குடாது எண்டு அன்ரன் வெளியில தாழ்வாரத்துக்குக் கீழ நிண்டார். தூவானம் அடிச்சுச் சேட்டெல்லாம் ஈரம். நான் கீழ பாயப் போட்டுச் சாமானப் பரப்பினன். அந்த நேரம் றோட்டில ஆக்கள் ஓடத் தொடங்கிட்டாங்க. "என்னவோ பிரச்சினையாம், கடையப் பூட்டுங்க!" எண்டு ஒருத்தன் கத்திக்கொண்டு போறான். என்ன பிரச்சினை, ஆருக்கும் ஆருக்கும், ஒண்டும் தெரியாது. அந்தக் காலம் காரணம் பிறகுதான் வரும், முதல்ல கதவு பூட்டணும்.

ஹாஜியார் பாய்ஞ்சு போய் அன்ரன்ட கையப் பிடிச்சு உள்ளுக்கு இழுத்தார். "நீங்க வெளியில நிக்கப்படா தம்பி!" எங்கட ஆக்கள்ட பசாரில தனிய நிண்ட தமிழாள் அவர். நான் பலகைக் கதவப் போட்டன். கடைக்குள்ள பாதி இருட்டு. யூட் தகப்பனக் கண்டான். கடை இடியுறாப் போல ஒரு கத்து. அன்ரன் ஒரு மூலைக்குள்ள போய் எங்களுக்கு முதுகக் காட்டி நிண்டார், அதுக்கு மேல போறதுக்கு இடமில்ல. நான் கிலுக்கி எடுத்துக் கிலுக்கினன், ஊதினன், கடைசியில அந்தக் குரங்கையும் மேளம் அடிக்க விட்டுப் பாத்தன். பிள்ளைக்கு மூச்சுத் திணறுது. வெளியில ஆரோ ஓடுற சத்தம்.

என்ன நடக்குது எண்டு பாப்பம் எண்டு ஹாஜியார் றாக்கைத் தட்டில விக்கிறதுக்கு வச்சிருந்த, டேப் போடுற கெசட் றேடியோ ஒண்டப் போட்டார். ஒரு ஆம்பிளைக் குரல் செய்தி வாசிச்சுது. யூட் சட்டெண்டு நிப்பாட்டினான். விம்மி விம்மிப் பெட்டிய அண்ணாந்து பாத்தான். பிறகு ரெண்டு கையையும் அந்தப் பெட்டிக்கு நீட்டி, "அப்பா!" எண்டான்.

மூலையில நிண்ட மனிசன் கிறுகிப் பாத்தார். ஜெசிந்தா தலையில கைய வச்சிட்டா. குவைத்துக்காரர் அப்ப கடிதம் எழுதுறதக் குறைச்சு, கெசட்டில கதைச்சுப் பதிஞ்சு அனுப்புறதுதானே. இதே மாதிரிப் பெட்டியும் அவர்தான் அனுப்பினவராம். ஆள் வந்த பிறகு கெசட் என்னத்துக்கு எண்டு, வந்த அண்டைக்கே அதத் தூக்கி அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டியிருக்காங்க. பிள்ளைட கணக்கில, இந்த ஆள் வீட்டுக்குள்ள வந்தான், அவன்ட அப்பாவக் காணல்ல.

"நாங்கதான் பழக்கினம் காக்கா. ஒவ்வொரு நாளும் பெட்டியக் காட்டி, அப்பா கதைக்கிறார், முத்தம் குடு எண்டு."

காசு மேசைக்குக் கீழ

ஹாஜியார் றேடியோவக் கொண்டு வந்து காசு மேசையில வச்சார். அன்ரன்ட தோளப் பிடிச்சு மேசைக்குப் பின்னால இருத்தினார். "கெசட்டில கதைக்கிற மாதிரிக் கதைங்க தம்பி" எண்டு சொல்லிப்போட்டு றேடியோவ நிப்பாட்டினார். சத்தம் நிண்டதும் யூட்ட சொண்டு பிதுங்குது. அன்ரனுக்கோ வாய் வருதில்ல. அவ்வளவு பெரிய மனிசன் கீழ குந்தி, முழங்காலக் கட்டிக்கொண்டு, தொண்டையச் செருமுறார். "கதைங்களன்!" எண்டு ஜெசிந்தா அழுவாரப் போலச் சொன்னா. கடைசியில சின்னக் குரல்ல வந்திச்சு: "யூட் குட்டி, அப்பா கதைக்கிறன். சோறு திண்டீங்களா? அம்மாவுக்கு அடிக்கிறல்லயா?"

பிள்ளை பெட்டியப் பாத்தான். குரல் கீழ இருந்தெல்லோ வருது. தாய்ட கையில இருந்து வழுகி இறங்கி, மேசையச் சுத்தி ஒவ்வொரு அடியா வந்தான். தகப்பனக் கண்டதும் நிண்டான். அன்ரன் கதைய நிப்பாட்டப் பயந்து, சொல்லுறதுக்கு ஒண்டும் இல்லாம, குவைத்து வெயிலையும் கிரேனையும், தான் சமைச்ச பருப்பையும் சொல்லிக்கொண்டே இருக்கார், கண்ணால தண்ணி ஓடுது. யூட் கிட்டப் போய், அந்தச் சிரைச்ச வாய உத்துப் பாத்து, ஒரு விரல வாய்க்குள்ள விட்டான். சத்தம் அங்க இருந்துதான் வருது எண்டு பிடிபட்டதும், அந்த ஈரச் சேட்டுல முகத்த வச்சுச் சாஞ்சிட்டான். எனக்கும் அழுகை வந்திட்டுது, இதில என்ன வெட்கம்.

கொஞ்ச நேரத்தால கதவத் திறந்தம். றோட்டில ஒண்டும் இல்ல, ஆரோ கிளப்பின கதை. பிள்ளை தகப்பன்ட தோள்ல நித்திரை. ஒரு சாமானும் எடுக்காமப் போறாங்க, நான் பாயில கிடந்ததையெல்லாம் பொறுக்கி அடுக்கிறன். ஹாஜியார் மூக்கத் துடைச்சிட்டு, திரும்ப முதலாளியா மாறி என்னையப் பாத்துச் சொன்னார்.

"பிறந்த நாளுக்கு அப்பன் கிடைச்சாச்சு சலீம், நத்தாருக்கு எண்டாலும் ஒரு சாமான் எடுக்கச் சொல்லு."

போற நாள்

நத்தாருக்கு ஒரு சிவப்புக் கார் எடுத்தாங்க. அது போய் நல்லா ஓடினதாம். புது வருஷம் பிறந்து, பிளேனுக்குப் போறதுக்கு முதல் நாள் அன்ரன் திரும்ப வந்தார். மீசை அரும்பியிருந்திச்சு. யூட் கழுத்தில தொங்குறான். ரெண்டு கையாலயும் கட்டிக்கொண்டு, தகப்பன்ட கன்னத்தில கன்னத்த வச்சிருக்கான். ஒரு கிழமையா இறக்க ஏலாதாம். குளிக்கப் போனாலும் கிணத்தடியில நிண்டு கத்துறானாம். விறாந்தைக் கட்டில் காலியாம், இப்ப அப்பா பக்கத்தில இல்லாட்டி நித்திரை இல்லையாம்.

நான் ஹாஜியாரப் பாத்தன், ஹாஜியார் காசு மேசை லாச்சியப் பாத்தார். றாக்கையில இருந்த எல்லாத்தையும் இறக்கினன். மேளக் குரங்கு, பாட்டுப் பாடுற பம்பரம், லைட் பத்திச் சுடுற துவக்கு. யூட் ஒண்டையும் பாக்கல்ல. ஒண்டக் கையில திணிச்சன், எறிஞ்சிட்டு மறுபடி கழுத்தக் கட்டிக்கொண்டான். அன்ரன் பிள்ளைட முதுகத் தடவித் தடவி, எனக்கு மட்டும் கேக்கக் கதைச்சார்.

"அண்டைக்கு இவன் எனக்கிட்ட வாறதுக்கு ஒரு சாமான் கேட்டன் காக்கா. இப்ப இவன் என்னைய விடுறதுக்கு ஒண்டு தாங்க."

கப்பல் கப்பலா விளையாட்டுச் சாமான் இறக்கின இந்த நாட்டில, அந்த ஒரு சாமான மட்டும் எந்த முதலாளியும் இண்டைக்கு வரைக்கும் இறக்கல்ல.