வயலின் பெட்டியில் பாஸ்போர்ட்

அம்மாவும் அப்பாவும் பிரிந்தபோது எனக்கு ஒன்பது வயது. டெக்சாஸில், ஆலன் நகரத்து வீட்டில் அம்மாவும் நானும் தங்கினோம். பத்து நிமிடக் கார் தூரத்தில் ஓர் அபார்ட்மென்ட்டுக்கு அப்பா போய்விட்டார். நான் எந்த நாளில் யாரிடம் இருப்பது, தீபாவளி யாருக்கு, கோடை விடுமுறை யாருக்கு என்று வக்கீல்களை வைத்து ஒரு திட்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள். தேங்க்ஸ்கிவிங் விடுமுறையை மணிக்கணக்குப் பார்த்துப் பிரித்துக்கொண்டவர்கள், ஒரு வரியில் மட்டும் முட்டிக்கொண்டு நின்றார்கள். என் பாஸ்போர்ட் யாரிடம் இருப்பது?

என்னைத் தன் ஊரான கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனால் அம்மா திரும்பவே மாட்டாள் என்று அப்பாவுக்குப் பயம். போன் சண்டையில் அது என் காதில் விழுந்தது. பாஸ்போர்ட் இல்லாவிட்டால் யாரும் என்னை எங்கும் கொண்டுபோக முடியாதே என்று தோன்றியது. அலமாரி ஃபைலிலிருந்து அதை எடுத்து, என் வயலின் பெட்டியில் துணிக்கு அடியில் செருகினேன்.

இரண்டு நாளில் அம்மா ஃபைலைத் திறந்துவிட்டாள்.

"போன வாரம் புக்ஸ் எடுக்க வந்தப்போ நீங்கதானே எடுத்தீங்க?"

ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் வெடித்தது. "நான் ஏன் எடுக்கறேன்? நீதான் ஒளிச்சு வெச்சிருக்க. டிக்கெட் புக் பண்ணிட்டியா?"

இருவரும் தேடிய பொருள் வெள்ளிக்கிழமை அப்பா வீட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்கும் தவறாமல் என்னோடு போய்வந்தது. சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம். வயலின் பயிற்சி என்றால் கதவைச் சாத்திக்கொண்டுதான் பெட்டியைத் திறந்தேன்.

மூன்றாவது ஞாயிறு, மளிகைக்கடை பார்க்கிங்கில் என்னை அம்மாவிடம் ஒப்படைத்த அப்பா, "நாளைக்கு கோர்ட்ல ஃபைல் பண்றேன். ஜட்ஜ்கிட்ட பதில் சொல்லிக்கோ" என்றார். அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. போலீஸ் வந்து அவளைப் பிடித்துப்போகும் என்றே நான் முடிவுகட்டிவிட்டேன். பெட்டியைத் தார்த் தரையில் வைத்தேன். ஜிப் சிக்கிக்கொண்டு, ஒருவழியாகத் திறந்தது.

நீட்டிய பாஸ்போர்ட்டை இருவருமே வாங்கவில்லை. அப்பா கார் கதவில் சாய்ந்தார். அம்மா அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் சாமி இப்படிப் பண்ணுன?" என்று கேட்டாள்.

"ஸோ நோபடி கேன் டேக் மீ," என்றேன்.

அப்பா கோர்ட்டுக்குப் போகவில்லை. இரண்டு வாரத்தில் திட்டம் கையெழுத்தானது. பாஸ்போர்ட் அம்மாவிடம், இந்தியா போக அப்பாவின் சம்மதம் வேண்டும், எனக்குப் பதினெட்டு ஆகும்வரை என்னோடு அம்மா இந்த வட்டாரத்தைவிட்டுக் குடிமாறக் கூடாது.

"இனி யாரும் எங்கயும் போகல," என்றாள் அம்மா. நான் சோபாவில் ஏறிக் குதித்தேன்.

பிறகு அவள் கோயம்புத்தூரில் இருந்த பெரியம்மாவுக்குப் போன் செய்தாள். தாத்தா படுக்கையில் விழுந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

"இல்லைங்க்கா, அங்க எனக்குப் பாத்து வெச்ச வேலைக்கு நான் வரலைன்னு சொல்லீருங்க. நம்ம அப்பாவை நீங்கதான் பாத்துக்கணும். பாப்பாவுக்குப் பதினெட்டு ஆகட்டும், பார்க்கலாம்."

என் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு அம்மா இப்போதே ஏதோ பெரிதாக ஏற்பாடு செய்கிறாள் என்று நினைத்து, எதுவும் காதில் விழாததுபோல் ஹோம்வொர்க்கை எடுத்து வைத்துக்கொண்டேன்.